காதுக்கு ஒரு புத்தகம்: டிஸ்லெக்சியாவின் நூறு வருஷக் காத்திருப்பு

டிஸ்லெக்சியா இருக்கிற மாணவர்கள் கைக்கு, அவங்களால படிக்க முடியுற புத்தகம் எப்படி வந்து சேர்ந்தது? இன்னிக்கு எபிசோட் அதைப் பத்திதான். 1896-லிருந்து தொடங்கணும்.

அந்த வருஷம் இங்கிலாந்தில் பிரிங்கிள் மோர்கன் என்ற மருத்துவர், பெர்சி என்ற 14 வயசுப் பையனைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். 749-ஐ 867-ஆல் பெருக்கச் சொன்னா சட்டுனு சரியா போட்டுடுவான். ஆனா தன் பெயரை எழுதும்போதே எழுத்து இடம் மாறிடும். மோர்கன் இதைப் 'பிறவிச் சொற்குருடு' என்றார். பெர்சியோட ஆசிரியர் சொன்னதையும் அதே கட்டுரையில் பதிவு பண்ணியிருக்கார்: பாடத்தை முழுக்க வாய்வழியாவே நடத்தினா, பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான்.

பாருங்க, காதுக்குக் கொடுங்கன்னு முதல் கட்டுரையிலேயே வழி சொல்லியாச்சு. அப்புறம் ஏன் இவ்வளவு காலம் ஆச்சு?

ஒரு காரணம் அந்தப் பெயர்னு நான் நினைக்கிறேன். 'குருடு'ன்னு சொன்னதும் பலர் கண்ணுலதான் கோளாறைத் தேடினாங்க. டிஸ்லெக்சியா பெரும்பாலும் எழுத்தையும் ஒலியையும் இணைக்கிறதுல வர்ற சிக்கல். பார்வைக் குறையும் இல்ல, அறிவுக் குறையும் இல்ல.

இன்னொரு காரணம், ஒலிப் புத்தகம் வேற ஒருத்தருக்காக உருவானது. 1948-ல் நியூயார்க்கில் ஆன் மெக்டொனால்ட் 'ரெக்கார்டிங் ஃபார் தி பிளைண்ட்' அமைப்பைத் தொடங்கினார். போரில் பார்வை இழந்த வீரர்கள் கல்லூரியில் படிக்கணும்னு, தன்னார்வலர்கள் பாடப்புத்தகங்களை வாசிச்சு ஒலித்தட்டில் பதிவு பண்ணாங்க. காலப்போக்கில் டிஸ்லெக்சியா மாணவர்களும் அதே கதவைத் தட்டினாங்க. அமைப்பின் பெயரில் அவங்களுக்கு இடம் கிடைச்சது 1995-ல். பெர்சி கட்டுரைக்கு 99 வருஷம் கழிச்சு!

அடுத்த வருஷமே டெய்சி கூட்டமைப்பு உருவானது. டெய்சி ஒரு டிஜிட்டல் புத்தக வடிவம். இதுல குரலும் எழுத்தும் சேர்ந்தே ஓடும். வாசிக்கப்படுற வரி திரையில் வண்ணத்தில் தெரியும். வேகத்தைக் குறைக்கலாம், வேண்டிய பாடத்துக்குத் தாவலாம். எழுத்துக் கூட்டுறதுலயே சக்தி தீர்ந்துபோற மாணவருக்கு, அர்த்தத்தைக் கவனிக்க அவகாசம் கிடைக்குது.

ஆனா தொழில்நுட்பம் வந்தா மட்டும் போதுமா? அமெரிக்காவில் அரசின் ஒலிநூல் சேவையில் சேர, பார்வையற்றவருக்கு நூலகரே சான்று தரலாம். டிஸ்லெக்சியாவுக்கு மருத்துவர்தான் கையெழுத்துப் போடணும்னு இருந்தது. இந்த விதி தளர்ந்தது 2021-ல்தான். காசு கொடுத்து மருத்துவரைப் பார்க்க முடியாத வீட்டுப் பிள்ளையை நினைச்சுப் பாருங்க.

இந்தியாவுக்கு வருவோம். 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, மாற்றுத்திறனாளிகளுக்காகப் புத்தகத்தை வேறு வடிவத்துக்கு மாற்ற அனுமதி வந்தது. 2013-ல் உருவான மராகேஷ் ஒப்பந்தம், வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களையும் பயனாளிகளா சேர்த்தது. 2014-ல் அதை உலகிலேயே முதலில் ஏற்று உறுதி செய்தது இந்தியாதான். ஆனா நம்ம 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெறவே இல்லை. அது உள்ளே வந்தது 2016 சட்டத்தில்.

ஆக, சட்டம் கதவைத் திறந்துடுச்சு. தமிழில் இன்னும் திறக்காதது ஃபைல். வகுப்புக் குறிப்புகளை ஃபோட்டோ எடுத்து பிடிஎஃப் ஆக்கினா, அது வாசிப்புச் செயலிக்கு வெறும் படம். யூனிகோடு இல்லாத பழைய ஃபாண்டில் அடிச்சிருந்தா, நமக்குத் தமிழாத் தெரியும்; செயலிக்கு அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல்.

சோதிச்சுப் பார்க்க ஒரு வழி இருக்கு. உங்க ஃபைலில் ஒரு வரியை காப்பி பண்ணி வாட்ஸ்அப்பில் ஒட்டுங்க. தமிழ் தமிழாவே வந்தா, அதைச் சத்தமா வாசிச்சுக் காட்ட ஒரு செயலியால முடியும். வரலைன்னா, உங்க வகுப்பிலிருக்கிற பெர்சி இன்னும் காத்துக்கிட்டு இருக்கான்னு அர்த்தம்.