சிறப்பு நிகழ்வுகளும் மரபுடைமையும்: டாலிலின் நீராவி இரயில் காட்டும் வரலாறு

முன்னுரை

தான் தோன்றியதற்குக் காரணமான தொழில் மறைந்த பின்னரும் ஓர் இருப்புப்பாதை நிலைத்திருக்க வேண்டுமாயின், அது வேறொரு தேவையை நிறைவேற்றியாக வேண்டும். பிரித்தானியாவின் மரபுடைமை நீராவி இரயில்கள் அத்தேவையைச் சிறப்பு நிகழ்வுகளில் கண்டன. கிறிஸ்துமஸ் தாத்தாவுடன் பயணம், பழைய இயந்திரங்களின் அணிவகுப்பு, சிறுவர் கதை நாள் எனப் பலவாறு அமையும் இவற்றை வெறும் வணிகம் என ஒதுக்குவாரும் உளர். இந்நிகழ்வுகள் எதனைக் காத்தன, எதனை மறைத்தன என்பதை, வேல்ஸ் நாட்டின் டாலிலின் இருப்புப்பாதையைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

சிலேட்டுக்கல்லுக்காகப் பிறந்த பாதை

அமெரிக்க உள்நாட்டுப் போரினால் (1861–1865) பருத்தி வரத்துக் குன்றியபோது, மான்செஸ்டர் நகரின் ஆலை முதலாளிகளான மெக்கானல் குடும்பத்தினர் தம் முதலீட்டை வேல்ஸ் மலைகளின் பக்கம் திருப்பினர். பிரின் எக்லுவிஸ் சுரங்கத்தில் வெட்டப்பட்ட, கூரை வேய்வதற்கான சிலேட்டுக்கல்லைக் கடலோர ஊரான டவினுக்குக் கொண்டுவர, 1865ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின்வழி 2 அடி 3 அங்குல அகலமுள்ள பாதை அமைக்கப்பட்டது. பயணிகள் சேவைக்கு இசைவளிக்க வந்த அரசு ஆய்வாளர், பாலங்களுக்கும் பெட்டிகளுக்கும் இடையே போதிய இடைவெளி இல்லை எனக் கண்டார். பாலங்களை இடித்துக் கட்டுவதற்கு மாறாக, பெட்டிகளின் ஒரு பக்கக் கதவுகள் நிலையாக அடைக்கப்பட்டன; பாலங்களின் கீழ்த் தண்டவாளமும் சற்றே விலக்கி அமைக்கப்பட்டது.

1911இல் இப்பாதையையும் சுரங்கத்தையும் வாங்கியவர் நாடாளுமன்ற உறுப்பினரான ஹேடன் ஜோன்ஸ். 1946 டிசம்பரில் ஏற்பட்ட சரிவினால் சுரங்கம் மூடப்பட்டது. எனினும், தாம் வாழும்வரை இரயில் ஓடும் என்ற உறுதியை அவர் காத்தார். 1950 ஜூலையில் அவர் மறைந்தபோது, பாதையும் மறையும் என்றே பலரும் எண்ணினர்.

தொண்டூழியர் கைக்கு மாறிய இரயில்

எழுத்தாளர் டாம் ரோல்ட் முன்னின்று அழைக்க, 1950 அக்டோபர் 11ஆம் நாள் பர்மிங்காமில் ஆர்வலர் கூடிச் சங்கம் அமைக்க முடிவு செய்தனர். 1951 மே 14ஆம் நாள், சங்கத்தின் முதல் இரயில் புறப்பட்டது. தொண்டூழியரால் காக்கப்பெற்ற உலகின் முதல் இருப்புப்பாதை என்னும் சிறப்பை டாலிலின் பெற்றது. அம்முதல் ஓட்டம் நிகழ்ந்த நாள் ஒரு பொது விடுமுறை என்பது கருதத்தக்கது. ஏற்றிச் செல்லக் கல் இல்லை. காணவும் ஏறவும் விரும்பிய மக்களே இருந்தனர். ஆகவே, சிறப்பு நிகழ்வு மரபுடைமை இரயிலுக்குப் பின்னாளில் ஒட்டவைக்கப்பட்ட அணிகலன் அன்று. அதன் பிறப்பிலேயே அமைந்த கூறு எனலாம்.

கதையும் ஓட்டமும்

தாமஸ் இரயில் கதைகளை எழுதிய பாதிரியார் ஆட்ரி, 1952இல் இங்குத் தொண்டூழியக் காவலராகப் பணியாற்றினார். சிற்றுண்டி விற்கும் பெண்மணியை ஏற்றாமலே ஒருமுறை வண்டியைப் புறப்படவிட்டார். அந்நிகழ்ச்சி 1955இல் வெளிவந்த அவரது நூலில் கதையாயிற்று. அந்நூலின் நான்கு சிறு இயந்திரங்களும் டாலிலின் இயந்திரங்களை மாதிரியாகக் கொண்டவை. பிற்காலத்தில் சில உண்மை இயந்திரங்களுக்கே கதைப் பாத்திரங்களின் வண்ணமும் பெயரும் சூட்டப்பட்டன. மூலம் நகலைப் பின்பற்றிய இம்மாற்றம் சிறுவரை ஈர்த்தது.

1984இல் தொடங்கிய ‘இரயிலுடன் போட்டி’ ஓட்டம் வேறு வகையினது. டவினிலிருந்து அபர்கனோல்வின் சென்று திரும்பும் வண்டியை முந்துவதற்கு ஓட்டக்காரர்கள் ஏறக்குறைய 14 மைல் ஓடுகின்றனர். வழி, மேய்ச்சல் நிலங்களையும் பண்ணைப் பாதைகளையும் ஊடறுத்துச் செல்வதால், உழவரின் இசைவின்றி இப்போட்டி நடைபெறாது. தொடக்கத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதியிலிருந்து வந்த ஆர்வலரைப் பெரிதும் நம்பியிருந்த இரயில், இதன்வழி வட்டார மக்களின் விழாவிலும் இடம்பெற்றது.

இத்தகைய நாள்களை நடத்துவதில் பழைய பாதை தன் விதிகளை விட்டுக்கொடுப்பதில்லை. வண்டி புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்னரே கொதிகலனில் தீ மூட்ட வேண்டும். ஒற்றைத் தண்டவாளமாதலால், எதிரெதிர் வரும் வண்டிகள் குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே விலக இயலும். அப்பகுதிக்குரிய அனுமதிச் சின்னம் கையில் இல்லாமல் ஓட்டுநர் நகர இயலாது. கூட்டம் எத்துணைப் பெரிதாயினும், பயணியர் ஒரு பக்கமாகவே ஏறி இறங்குவர். 1860களின் இடைவெளிக் குறை இன்றும் நிகழ்ச்சி நிரலை நெறிப்படுத்துகிறது.

மறைந்து நின்ற வரலாறு

நிகழ்வுகள் இயந்திரத்தை முன்னிறுத்தியபோது, கல் வெட்டியவர் பின்னுக்குச் சென்றனர். வேல்ஸின் நிலத்தடிக் கூடங்களில் மெழுகுவத்தி ஒளியில் உழைத்த பலர், கல்தூசியினால் நுரையீரல் நோயுற்றனர். கல் தொழிலாளர் நெடுநாள் போராடியதன் பயனாகவே 1979இல் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்னரே, அவர்கள் வெட்டிய கல்லைச் சுமந்த இரயில் விடுமுறை மகிழ்ச்சியின் சின்னமாகிவிட்டது. இரயிலைக் காத்த அதே நிகழ்வுகள் அதன் காரணத்தை மறக்கவும் இடமளித்தன.

இம்மறதிக்கு மாற்றும் உண்டு. 1976இல் பயணியர் சேவை, சுரங்கத்திலிருந்து கல் இறக்கப்பட்ட சரிவின் அடிவாரமான நான்ட் குவெர்னோல்வரை நீட்டிக்கப்பட்டது. 2021இல் வடமேற்கு வேல்ஸின் சிலேட்டுக்கல் நிலப்பரப்பை யுனெஸ்கோ உலக மரபுடைமையாக அறிவித்தது. அதன் ஆறு பகுதிகளுள் ஒன்றில் பிரின் எக்லுவிஸ் சுரங்கமும், தொழிலாளர் ஊரான அபர்கனோல்வினும், டாலிலின் பாதையும் இணைத்தே குறிக்கப்பட்டுள்ளன. சுரங்கம், ஊர், இரயில் ஆகிய மூன்றும் பிரிக்கவொண்ணா ஒரே வரலாறு என்பதே இவ்வறிவிப்பின் உட்பொருள்.

முடிவுரை

சிறப்பு நிகழ்வுகள் இல்லையேல் டாலிலின் இரயில் 1950களிலேயே பழைய இரும்பாகியிருக்கும் எனல் மிகையன்று. ஆயினும், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் மட்டுமே மரபுடைமை ஆகாது. கதைப் பாத்திரத்தைக் காண வரும் குழந்தை, வண்டியிலிருந்து இறங்குமுன் அப்பாதை யாருடைய உழைப்புக்காக இடப்பட்டது என்பதையும் அறிந்து செல்லுமாயின், அந்நிகழ்வு வரலாற்றுக் கல்வியாக உயரும். வருகையாளர் எண்ணிக்கையோடு இதனையும் அளவுகோலாகக் கொள்வதே மரபுடைமை நிகழ்வுகளை நடத்துவோரின் கடமையாகும்.