ஆங்கிலம் கற்பிக்க யாருக்குத் தகுதி? கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு வரலாறு

தனியார் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு நேர்காணலுக்குப் போய்வரும் நம் பிள்ளைகளிடம் பேசிப் பாருங்கள். அங்கே முதலில் கேட்கப்படும் கேள்விகளுக்கும் ஆங்கிலத்துக்கும் பெரிய தொடர்பு இருக்காது. "எந்த மீடியம் படிச்சீங்க? ரெகுலரா, கரஸ்ஸா? அப்பா என்ன வேலை பார்க்கறாங்க? ஊருக்குள்ள எந்தத் தெரு?" கடைசிக் கேள்வி எதற்கு என்று தேனி மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் கூடலூரிலும் நான் களப்பணியில் சந்திக்கும் இளைஞர்களில் ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். பெற்றோர் விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. பிறகு பி.ஏ. ஆங்கிலம், பி.எட்., சிலர் அஞ்சல் வழியில் எம்.ஏ. இவர்களுக்குள்ளேயே ஒரு தாழ்வுணர்ச்சி இருக்கிறது. "நாங்க நேர் வழியில வரலை" என்கிறார்கள். அப்படியானால் நேர் வழி என்று ஒன்று எப்போதாவது இருந்ததா? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வாத்தியார்கள்

1834இல் அமெரிக்க மிஷன் மதுரையில் கால் ஊன்றியபோது, அது நேராக அமெரிக்காவிலிருந்து வரவில்லை. யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே இயங்கிவந்த மிஷனின் கிளையாக வந்தது. மிஷனரிகளோடு தமிழ் உதவியாளர்களும் வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி அன்றைக்குத் தெற்காசியாவின் முக்கியமான ஆங்கிலக் கல்வி நிலையங்களில் ஒன்று. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள்தான். அந்தச் செமினரியில் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளாளர்.

ஆக, நம் பகுதியில் ஆங்கிலம் கற்பித்த தொடக்ககால ஆசிரியர்களிடம் பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. பல்கலைக்கழகமே அப்போது இல்லை. செமினரியில் படித்தார்கள், கற்பிக்க வந்தார்கள். தகுதி என்பது படிக்க இடம் கிடைத்ததுதான். அந்த இடத்தைச் சாதி முடிவு செய்தது.

மலைமேல் ஒரு பள்ளி, அடிவாரத்தில் ஒரு பள்ளி

மதுரை மிஷன் கிராமப் பள்ளிகளுக்கு ஆட்களைத் தயாரிக்கப் பசுமலையில் ஒரு செமினரி நடத்தியது. ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து மதம் மாறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் கிடைத்தது. உபதேசியாரும் வாத்தியாரும் ஒரே ஆளாக இருந்த காலம் அது. பெரியகுளம் அந்த மிஷனின் நிலையங்களில் ஒன்றானதும் பள்ளத்தாக்குக் கிராமங்களுக்கும் அப்படிப்பட்ட வாத்தியார்கள் வந்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு திருப்பம் உண்டு. 1854–55இல் அமெரிக்க மிஷன் வாரியத்தின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நேரில் வந்தார். ஆங்கிலம் படித்தவர்கள் மிஷன் வேலையை விட்டு அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள் என்பது வாரியத்தின் புகார். கிராம உபதேசியாருக்குத் தாய்மொழிக் கல்வி போதும் என்பது ஆண்டர்சனின் கொள்கை. அவர் வருகையைத் தொடர்ந்து 1855இல் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. மதுரை மிஷன் பள்ளிகளிலும் ஆங்கிலம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. யாழ்ப்பாணத்து வெள்ளாளர்கள் அதற்குள் இரண்டு தலைமுறை ஆங்கிலம் படித்து முடித்திருந்தார்கள். நம் கிராமத்துப் பிள்ளைகள் பசுமலைக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தில் ஆங்கிலம் "தேவையில்லாதது" ஆகிவிட்டது. பின்னாளில் கல்லூரி வகுப்பு தொடங்கியபோதுதான் பசுமலையில் ஆங்கிலம் மறுபடி வலுப்பட்டது. அதுவே வளர்ந்து மதுரை அமெரிக்கன் கல்லூரி ஆனது.

தாய்மொழிக் கல்வி நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான். ஆனால் அதே மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மோட்டார் சாலை வருமுன் கொடைக்கானலுக்குப் போகும் வழி பெரியகுளம் பக்கமிருந்துதான் மலை ஏறியது. 'கூலி காட்' என்று பெயர் பெற்ற பாதை அது. துரைகளையும் துரைசானிகளையும் டோலியில் வைத்துத் தோளில் சுமந்து ஏறினார்கள் நம் அடிவாரத்து மக்கள். மேலே 1901இல் மிஷனரிக் குழந்தைகளுக்காக ஹைகிளர்க் பள்ளி திறக்கப்பட்டது. இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி அதுதான். சுமந்தவரின் பிள்ளைக்கு அடிவாரத்துப் பள்ளி, சுமக்கப்பட்டவரின் பிள்ளைக்கு மலைமேல் ஆங்கிலப் பள்ளி.

அரசாணை 68

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பஞ்சமி நிலம் என்று இன்றும் நாம் போராடும் உரிமைக்கு வேர் அந்த அறிக்கையில் இருக்கிறது. கல்வியில் அதே காலத்தில் வந்தது 1893ஆம் ஆண்டின் அரசாணை 68. புறம்போக்கு நிலத்தில் பஞ்சமர் பள்ளிகள், அவற்றுக்குக் கூடுதல் மானியம், ஆசிரியர் பயிற்சிக்கு வரும் பஞ்சமர் மாணவர்களுக்கு உதவித்தொகை ஆகியவற்றுக்கு அது வழி செய்தது. சேரியிலிருந்து வருகிறவர் படித்தால் மட்டும் போதாது, அவர் ஆசிரியராகவும் வேண்டும் என்று அரசுக் காகிதத்தில் ஏறியது அந்தக் காலத்தில்தான்.

அந்தத் தலைமுறையில் உருவானவர் எம்.சி. ராஜா. 1883இல் சென்னைப் பரங்கிமலையில் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்துப் பள்ளி ஆசிரியரானார். பாடநூல்களும் எழுதினார். 1922இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 'ஆதிதிராவிடர்' என்ற பெயருக்கான தீர்மானத்தைக் கொண்டுவந்த தலைவராக மட்டுமே நாம் அவரை நினைக்கிறோம். 1925இல் தன் மக்களின் நிலையை ஆங்கிலத்தில் நூலாக எழுதி ஆட்சியாளர்கள் முன் வைத்ததும் இந்தப் பள்ளி ஆசிரியர்தான்.

பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை 1920களுக்குப் பிறகு தொழிலாளர் துறைப் பள்ளிகளும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் வந்தன. இன்றும் கள்ளர் சீரமைப்புப் பள்ளியும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் தனித்தனித் துறைகளின் கீழ் இயங்குகின்றன. இரண்டிலும் படித்தவை முதல் தலைமுறைப் பிள்ளைகள். அந்த இரண்டு பிள்ளைகளையும் ஒருவருக்கொருவர் எதிரியாக நிறுத்தும் அரசியலைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

27,000 ஆசிரியர்களும் ஒரு பனிப்பந்தும்

சுதந்திரத்துக்குப் பிறகு பள்ளிகள் பெருகின. காமராசர் ஆட்சியில் மதிய உணவு வந்தது. சேரிப் பிள்ளைகள் பெருமளவில் வகுப்பறைக்குள் வந்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க யார் இருந்தார்கள்? எட்டாம் வகுப்பு முடித்துப் பயிற்சி பெற்ற ஹையர் கிரேடு ஆசிரியர்களும், எஸ்.எஸ்.எல்.சி. முடித்துப் பயிற்சி பெற்ற இடைநிலை ஆசிரியர்களும்தான்.

1959இல் சென்னை மாநில அரசு பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு ஒரு திட்டம் தொடங்கியது. தொடக்கநிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுப்பது நோக்கம். சிலருக்குப் பயிற்சி தருவது, அவர்கள் இன்னும் பலருக்குத் தருவது என்று உருண்டு பெருகுவதால் அதற்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பெயர். உலகமெங்கும் ஆங்கிலம் கற்பித்தல் பற்றிய எழுத்துகளில் இன்றும் பேசப்படும் முயற்சி இது. அதன் குறைகளை நிறையப் பேர் விமர்சித்திருக்கிறார்கள். நமக்கு முக்கியமான செய்தி வேறு. அரசுக்குத் தேவை வந்தபோது, எட்டாவது படித்த வாத்தியாரும் குறுகிய காலப் பயிற்சியோடு ஆங்கிலம் கற்பிக்கத் தகுதியானவராக ஏற்கப்பட்டார். இன்றைக்கு ஓய்வூதியம் வாங்கும் நம் முதல் தலைமுறை உத்தியோகஸ்தர்களில் பலர் அப்படிப்பட்ட வாத்தியார்களிடம் ஏ, பி, சி, டி படித்தவர்கள்.

தபாலில் வந்த பட்டம்

பள்ளத்தாக்கில் கல்லூரி என்பது தாமதமாக வந்த விஷயம். உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956இல் தொடங்கியது. மதுரைக்குப் போய் விடுதியில் தங்கிப் படிக்க வசதி இல்லாத எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் பல்கலைக்கழகம். பெரியகுளத்தில் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி 1971இல் வந்தது. 1966இல் பிறந்த மதுரைப் பல்கலைக்கழகம் அதே 1971இல் அஞ்சல்வழிக் கல்வியையும் தொடங்கியது.

இந்த அஞ்சல் வழியைக் கேலி செய்கிறவர்கள் அதைப் பயன்படுத்தியவர்கள் யார் என்று பார்ப்பதில்லை. பன்னிரண்டாவது முடித்ததும் இரண்டாண்டு ஆசிரியர் பட்டயப் பயிற்சி. இடைநிலை ஆசிரியர் வேலை. சம்பளத்தில் தம்பி, தங்கைகளைப் படிக்க வைப்பது. ராத்திரியில் உட்கார்ந்து பி.ஏ. ஆங்கிலம். பிறகு பி.எட். நாற்பது வயதுக்கு மேல் பட்டதாரி ஆசிரியராகப் பதவி உயர்வு. இது ஒரு வழி. வரலாறோ அறிவியலோ படித்துவிட்டு, ஆங்கிலத்துக்கு ஆளில்லாததால் ஆங்கில வகுப்பும் எடுத்தவர்கள் இன்னொரு வழி. வேறு பாடத்தில் பட்டம் பெற்றபின் ஓராண்டில் ஆங்கிலத்தில் இரட்டைப் பட்டம் வாங்கியவர்கள் மூன்றாவது வழி. அந்த ஓராண்டுப் பட்டம் பதவி உயர்வுக்குச் செல்லுமா என்ற வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது.

கதவு நகர்ந்துகொண்டே இருக்கிறது

கல்வி உரிமைச் சட்டத்தை அடுத்து ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வைத் தமிழ்நாட்டில் ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். தேறியவர்கள் 100க்கு ஒருவர்கூட இல்லை. 150க்கு 90 எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் ஒரே அளவு. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு தர விதியிலேயே இடம் இருந்தும், தொடர்ந்து குரல் எழுப்பிய பிறகு 2014 பிப்ரவரியில்தான் 5 சதவீதத் தளர்வு வந்தது. அதையும் எதிர்த்து வழக்கு. மதுரைக் கிளை ரத்து செய்தது. 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம்தான் அந்தத் தளர்வு செல்லும் என்று முடித்துவைத்தது.

அதே 2014இல் வெயிட்டேஜ் முறை ஒன்றும் இருந்தது. தகுதித் தேர்வில் தேறினாலும் பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம், பி.எட். மதிப்பெண்களையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். ஒழுகும் விடுதியில் படித்து 17 வயதில் எடுத்த மதிப்பெண் 35 வயதிலும் துரத்தியது. அந்த முறை 2018இல் கைவிடப்பட்டது. ஆனால் தகுதித் தேர்வுக்கு மேல் இன்னொரு போட்டித் தேர்வு சேர்ந்துகொண்டது.

தேர்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு நல்ல ஆங்கில ஆசிரியர் வேண்டும். அந்தப் பிள்ளையும் நம் பிள்ளைதான். ஆனால் இந்தக் கணக்குகள் எதுவுமே ஒரு விஷயத்தை அளந்ததில்லை. தமிழ்வழியில் படித்து, ஆங்கிலத்தோடு தனியாக மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டவருக்கு, பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழும் என்று தெரியும். அது ஒரு தகுதி.

உலக அளவிலும் இந்த வேடிக்கை நடக்கிறது. தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கும் இ–2 விசா பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட 7 நாடுகளின் குடிமக்களுக்குத்தான். பட்டம் எந்தப் பாடத்தில் இருந்தாலும் சரி. அங்கே பாஸ்போர்ட் பார்க்கும் வேலையை இங்கே தெருவின் பெயர் பார்க்கிறது.

இனி என்ன செய்வது?

தோழர்களே, இந்த வரலாற்றை நேர்காணலுக்குப் போகுமுன் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். செமினரி, உபதேசியார் பயிற்சி, ஹையர் கிரேடு, ஸ்னோபால், அஞ்சல் வழி என்று ஆங்கில ஆசிரியர்கள் 190 ஆண்டுகளாகப் பல வழிகளில்தான் வந்திருக்கிறார்கள். உங்கள் வழியும் அவற்றில் ஒன்று. "தமிழ்வழிதான் படிச்சேன்" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். எந்தத் தெரு என்று கேட்டால், அந்தக் கேள்வி ஏன் என்று திருப்பிக் கேளுங்கள்.

கேட்பதோடு நிறுத்தவும் வேண்டாம். நாம் சேர்ந்து செய்யக்கூடிய வேலைகள் மூன்று. ஒன்று, ஆதிதிராவிடர் நல விடுதிகளில் ஆங்கிலப் பேச்சுக்கும் வாசிப்புக்கும் தினமும் ஒரு மணி நேரம் கேட்டு மாவட்ட நிர்வாகத்திடம் மனு கொடுப்பது. இரண்டு, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் காலியாக இருக்கும் ஆங்கில ஆசிரியர் இடங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குவது. 2009இல் வந்த அருந்ததியர் உள் ஒதுக்கீடு அதில் எப்படிப் பின்பற்றப்பட்டது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மூன்று, நம் தெருக்களில் வேலைக்குக் காத்திருக்கும் ஆங்கிலப் பட்டதாரிகளைக் கொண்டு மாலை வகுப்புகளைத் தொடங்குவது. அதற்கு எந்தத் தேர்வும் தேவையில்லை. ஒரு கரும்பலகையும் ஒரு விளக்கும் போதும்.