திரைக்கு அருகே அமர்ந்தவர்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை நாடுகளாகப் பகுக்கப்பட்ட நிலம். குண்டனி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்பவை இன்று ஊராட்சிகளின் பெயர்களாக நின்றாலும், மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் தம் வழக்குகளை ஊர்க்கவுண்டர், நாட்டுக்கவுண்டர் முன்னிலையில் பேசித் தீர்த்துக்கொண்ட ஒரு வாழ்முறையை அவை இன்னும் நினைவூட்டுகின்றன. ஒருவரின் துயரை ஊரே அமர்ந்து கேட்கும் இந்த இயல்பை மறந்துவிட்டால், பெருந்தொற்றுக் காலத்தில் கைப்பேசி வழியே வந்த மனநல மருத்துவத்தைத் தமிழகக் கிராமங்கள் எதிர்கொண்ட விதம் விளங்காது.

மனம் பேதலித்தவரைக் குடும்பத்தார் உடனிருந்து கோயிலுக்கு அழைத்துச் செல்வதும், பூசாரியிடம் குறி கேட்பதும், நாள்கணக்கில் அங்கேயே தங்குவதும் தமிழ்நாட்டின் நெடுநாள் வழக்கம். 1794இல் சென்னையில் தோன்றி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்த மனநல மருத்துவமனையோ கொல்லிமலையிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. உடனிருத்தல் கைவிடுதலாக மாறியபோது நேர்ந்த கொடுமைக்கு, 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் பிணைக்கப்பட்ட நிலையில் தீயில் மாண்ட 28 பேர் சாட்சி. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே திருச்சியில் தொடங்கியிருந்த மாவட்ட மனநலத் திட்டம், மருத்துவத்தை மாவட்டம் வரை கொண்டுவந்தது. ஆனால் மாவட்டத் தலைநகருக்கும் மலைச் சிற்றூருக்கும் இடையே இன்னும் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருந்தன.

இந்தத் தொலைவைக் கடக்கும் முயற்சிகளில் நின்று கவனிக்க வேண்டியது புதுக்கோட்டையில் நடந்தது. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் என்னும் மனநல அமைப்பு, 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தொலை உளமருத்துவத்தை, அதாவது காணொளி வழியே மனநல மருத்துவர் நோயாளியைப் பார்க்கும் முறையைக் கையாண்டு பழகி, 2010 முதல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அதற்கென ஒரு பேருந்தை ஓட்டியது. பேருந்தின் ஒரு பகுதியில் திரையும் மறுபகுதியில் மருந்தகமும் இருக்க, மருத்துவர் சென்னையிலிருந்து பேசினார். நோயாளியின் அருகில் குடும்பத்தாரும் அவ்வட்டாரப் பணியாளரும் அமர்ந்தனர். மருந்து அங்கேயே இலவசமாகக் கையில் கிடைத்தது. திரை புதியது, அதைச் சூழ்ந்த அமர்வு பழையது. அம்முயற்சி வேரூன்றியதற்கு, கருவியைவிட இந்த அமர்வே பெரிய காரணம் என்று கொள்ளத் தோன்றுகிறது.

2020 மார்ச் இறுதியில் பொதுமுடக்கம் வந்தபோது அந்த அமர்வுதான் முதலில் கலைந்தது. மார்ச் 25 அன்று நடுவண் அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள், தொலைபேசியிலும் காணொளியிலும் மருத்துவம் பார்க்கத் தெளிவான விதிகளை வகுத்தன. இ-சஞ்சீவனி சேவை வீட்டிலிருந்தே மருத்துவரை அணுக வழிசெய்தது. மாவட்ட மனநலத் திட்டத்தினர் தனிமைப்படுத்தப்பட்டோரை அழைத்து ஆறுதல் கூறினர். இவை உண்மையிலேயே உயிர் காத்த ஏற்பாடுகள். எனினும், கைப்பேசி ஆலோசனை நோயாளிக்கு மூன்று பொருள்கள் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது: சொந்தக் கருவி, தடையற்ற அலைவரிசை, யாரும் கேளாத ஓர் அறை. ஓரறை வீட்டில், மாமியாரும் கணவரும் அருகிருக்க, ஒரு பெண் தன் துயரை எவ்வாறு வாய்விட்டுச் சொல்வாள்? அலைவரிசையின் நிலையோ, 2021இல் நாமக்கல் மாவட்டத்து மலையடிவாரச் சிற்றூர் மாணவர்கள் இணைய வகுப்புக்காக ஆலமரக் கிளைகளில் ஏறி அமர்ந்த செய்தியால் நாடறிந்தது. பாடத்துக்கு மரமேறலாம், உறக்கம் கெட்டுச் சாவை நினைப்பவர் மரமேறிப் பேச மாட்டார். எனவே எண்ணியல் மருத்துவத்தின்மேல் கிராமத்தார் காட்டிய தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்குவது பிழை.

2022 அக்டோபரில் 14416 என்ற எண்ணில் தொடங்கிய டெலிமானஸ் தொலைபேசி மனநல உதவி, தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரைப் பெற்றது. நட்பும் உடனிருத்தலும் அப்பெயரிலேயே உள்ளன. குண்டனி நாடு போன்ற இடத்தில் அந்த எண்ணை அழைத்துக் கைப்பேசியை நோயாளியின் கையில் கொடுத்து, அவர் பேசி முடிக்கும்வரை வாசலில் காத்திருக்கப்போகிறவர் கிராமச் செவிலியரா, 2021 முதல் வீடுதோறும் மருந்து கொண்டுசெல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலரா என்பதுதான் இனி முடிவாக வேண்டியது.