காரை வீடுகளின் வெளிப்பூச்சைப் புதுப்பித்தல்

செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் கட்டி, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசிய வீட்டைத் தமிழ்நாட்டில் காரை வீடு என்பார்கள். காரைக்குடி வட்டாரத்து நகரத்தார் வீடுகளும், தஞ்சாவூர், கும்பகோணம் தெருக்களில் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளும், புதுச்சேரியின் பிரெஞ்சுக் காலக் கட்டடங்களும் இந்த வகையைச் சேர்ந்தவை. மழையும் வெயிலும் பட்டு இவற்றின் வெளிப்பூச்சு நாளடைவில் பெயரும். பெயர்ந்த இடத்தை மறுபடி பூசுவது இவ்வீடுகளின் பராமரிப்பில் முதன்மையான வேலை. இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் சிமெண்டில் செய்கிறார்கள். பழைய சுவர்கள் விரைவில் கெட்டுப்போவதற்குப் பல இடங்களில் அதுவே காரணமாகிறது.

பழைய சுவர்களின் அடியில் பெரும்பாலும் ஓதத்தடுப்பு கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியே மேலேறும். நுண்துளைகள் நிறைந்த காரை அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடுவதால் சுவர் வெயிலில் காய்ந்துவிடும். சிமெண்ட் பூச்சு அடர்த்தியானது. அது வெளிப்பக்கத்தை அடைத்துவிட்டால் ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறும். அதில் கரைந்துள்ள உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பருத்து, செங்கல்லின் முகத்தைப் பொடியாக்கும். சுண்ணாம்பில் கட்டிய சுவர் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஏற்பச் சற்று அசையக்கூடியது. இறுக்கமான சிமெண்ட் பூச்சு அந்த அசைவைத் தாங்காமல் மயிரிழை விரிசல்கள் விடும். வடகிழக்குப் பருவமழையில் விரிசல் வழியே புகும் நீர் எளிதில் வெளியேறாது. கடைசியில் பூச்சு பாளம் பாளமாக விழும்போது செங்கல்லின் மேற்பரப்பையும் பிய்த்துக்கொண்டு வரும். தெருப்பக்கம் பளிச்சென்று இருக்கும் வீட்டுக்குள் இடுப்பளவு உயரத்தில் பெயிண்ட் உப்பி, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் முதலில் வெளிப்பூச்சைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824இல். சுண்ணாம்பின் வரலாறு அதைவிடப் பல்லாயிரம் ஆண்டு மூத்தது. சுண்ணாம்புக் கல்லையோ, கடலோரத்தில் கிளிஞ்சலையோ சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு, தண்ணீரில் நீற்றிப் புளிக்கவிட்டுப் பயன்படுத்துவார்கள். பூசிய பிறகு அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல உறிஞ்சி மறுபடியும் கல்லாகிறது. சிறு விரிசல் விட்டால், மழைநீரில் கரையும் சுண்ணாம்பு அங்கேயே படிந்து அதை அடைத்துவிடும். சிமெண்ட் பூச்சில் இந்தக் குணம் மிகக் குறைவு.

நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதில் வேலை தொடங்க வேண்டும். உடைந்த மழைநீர்க் குழாய், ஓட்டு விளிம்பின் ஒழுக்கு, சுவரோரம் உயர்த்திப் போட்ட சிமெண்ட் தரை, கைப்பிடிச்சுவரில் முளைத்த அரசங்கன்று ஆகிய எல்லாவற்றையும் சரிசெய்த பிறகே சாரம் கட்டலாம். அரசங்கன்றை மேலோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும்; வேரையும் எடுத்தாக வேண்டும். அடுத்து, கொத்தனார் கரண்டிப் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போவார். பிடிப்புள்ள இடத்தில் கெட்டியான ஓசை வரும். பூச்சு விட்டுப்போன இடம் பொள்ளென்று ஒலிக்கும். அந்த இடங்களைக் கரியால் வட்டமிட்டு, அவற்றை மட்டும் கொத்தி எடுப்பார். முன்பே பூசிய சிமெண்ட் சுவரோடு இறுகிப் பிடித்திருந்தால் முழுவதையும் கொத்தக் கூடாது. செங்கல் உடைந்து வரும்.

கொத்திய பிறகு இணைப்புகளில் தளர்ந்த கலவையைச் சுமார் 12 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி, தூசியைத் துடைத்து, சுவரை நனைக்க வேண்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு முதல் மூன்று பங்கு சலித்த மணல் என்பது வழக்கமான அளவு. மணலில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் செங்கல் தூள் சேர்த்தால் கலவை ஈரத்திலும் இறுகும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் கலவையைக் குழைப்பது தமிழ்நாட்டுக் கொத்தனார்களின் பழைய முறை. பூச்சை ஒரே தடவையில் தடிப்பாக அப்பினால் வெடிக்கும். மெல்லிய படலங்களாக, ஒன்று இறுகிய பின் மற்றொன்று என்று பூசி, நனைத்த சாக்கால் வெயில் படாமல் மறைத்து ஈரம் காக்க வேண்டும். மழை ஓய்ந்து, வெயில் கடுமையாகாத தை, மாசி மாதங்கள் இதற்கு ஏற்றவை.

முறையாகக் காரை பூசிவிட்டு, மேலே பட்டி பார்த்து அக்ரிலிக் எமல்ஷன் அடிப்பதை இன்று பல வீடுகளில் காணலாம். அந்தப் பெயிண்ட் படலம் துளைகளை அடைத்து, சிமெண்ட் செய்யும் கேட்டையே செய்யும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளையே பொருத்தம்; நிறம் வேண்டுமானால் காவியோ நீலமோ கலக்கலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடிக்க வேண்டியிருப்பது உண்மைதான். அந்தச் செலவு சுவரைக் காப்பாற்றும் செலவு.

சிமெண்டில் கட்டிய பிற்கால வீடுகளுக்குச் சிமெண்ட் பூச்சே ஏற்றது. அதற்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 1661; சுண்ணாம்புப் பூச்சுக்கு உரியது ஐ.எஸ். 2394.

சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார்கள் குறைந்துவருகிறார்கள். ஆகவே வீட்டுக்காரர்கள் முழுச் சுவரையும் உடனே ஒப்படைக்காமல், தெரு பார்க்காத மூலையில் ஒரு சிறு பகுதியைப் பூசச் செய்து, ஒரு மழைக்காலம் அது நிற்கிறதா என்று பார்த்த பிறகு மற்றதைத் தொடங்குவது நல்லது.