மன்னார்த் தீவின் பெருக்க மரம்

மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தின் அடிமரச் சுற்றளவு ஏறக்குறைய 19 மீட்டர். உயரமோ அதில் பாதிகூட இல்லை. அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்பது ஊர் வழக்கு. தமிழகத்திலும் சில இடங்களில் இந்த மரம் உண்டு.

இந்த மரத்தின் பேரினத்தில் எட்டு இனங்கள். ஆறு மடகாஸ்கரில் மட்டுமே வளர்கின்றன. மற்றவை ஆப்பிரிக்காவில் ஒன்று, ஆஸ்திரேலியாவில் ஒன்று. எங்கே தோன்றின என்ற கேள்வி நெடுங்காலம் தீராமல் கிடந்தது. 2024இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு எட்டு இனங்களின் மரபணுத்தொகுதிகளையும் ஒப்பிட்டது. பிறழ்வுகள் தலைமுறைதோறும் சேர்வதால், இரு இனங்களுக்கிடையே வேறுபாடு கூடக்கூட அவை பிரிந்த காலமும் பின்னோக்கிப் போகும். அந்தக் கணக்கு சுமார் 2.1 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மடகாஸ்கரைக் காட்டியது. தீவுக்குள் இனங்கள் பலமுறை கலந்திருக்கின்றன. அதனால் வம்சாவளி நேர்க்கிளைகளாக அமையவில்லை. ஆய்வின் மிக அருமையான பகுதி இதுவே. விதைகள் பின்னர் கடலில் மிதந்து இரு கண்டங்களை எட்டியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து.

இந்தியாவுக்கு வந்த கதை வேறு. 2015இல் வெளியான மரபணு ஆய்வு இந்திய மரங்களை ஆப்பிரிக்க நிலப்பரப்பின் மரங்களோடு இணைத்தது. மனிதர்கள் அவற்றைப் பல தடவைகளில் கொண்டுவந்தனர் என்றது. மன்னார் வழக்கும் இந்த முடிவுக்குப் பொருந்துகிறது.