பதினாறாம் நாளுக்குப் பிறகு



நம் அணைக்கட்டு, வீராணம் ஏரி, விருத்தாசலம் பீங்கான் என்று ஊர் வரலாறு நிறையப் பேசியாகிவிட்டது. இந்த முறை கொஞ்சம் வேறு வரலாறு. துக்கத்தில் இருப்பவர், பெரிய நோய் வந்தவர், ஓய்வு பெற்று வெறுமையாக உணர்பவர், இவர்கள் பயிற்சி பெற்ற ஒருவரோடு தனியாக உட்கார்ந்து பேசித் தேறும் முறை எப்படி வந்தது என்பது. கவுன்சிலிங், உளவியல் சிகிச்சை என்று சொல்கிறார்களே, அதுதான். நமக்கு எதற்கு இது என்று கேட்பீர்கள். நம் பிளாக்குகளில் அறுபதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர், அவர்களில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுபவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் கிராமங்களில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. சாவு விழுந்த வீட்டுக்குப் பதினாறு நாளும் ஆள் வந்துகொண்டே இருக்கும். பெண்கள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். வருகிற ஒவ்வொருவரும் "எப்படி ஆச்சு?" என்று கேட்பார்கள். கணவனை இழந்தவள் நடந்ததை ஐம்பது முறை, நூறு முறை சொல்வாள். கேட்டதையே கேட்கிறார்களே என்று சின்ன வயதில் எனக்கு எரிச்சலாக இருக்கும். சொல்லிச் சொல்லித்தான் பாரம் இறங்குகிறது என்பது பிறகுதான் புரிந்தது. இன்று? ஃபிரீசர் பெட்டி, மாலைக்குள் எல்லாம் முடிந்துவிடும், வாட்ஸ்அப் குழுவில் நாற்பது கூப்பிய கைகள். பிள்ளைகள் கருமாதி முடித்து விமானம் ஏறிவிடுவார்கள். பதினேழாம் நாள் காலையில் அந்த வீட்டுக் கதவை யார் தட்டுகிறார்கள்?

வங்கியில் இறந்தவர் கணக்கை முடிக்க வரும் மனைவியிடம் இறப்புச் சான்றிதழ் வாங்கி, மூன்று இடத்தில் கையெழுத்து வாங்குவோம். சிலர் பணம் எவ்வளவு என்றுகூடக் கேட்காமல், கடைசி நாள் என்ன நடந்தது என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். பின்னால் வரிசை நிற்கும். அதற்கு எங்களிடம் படிவம் எதுவும் இல்லை.

மனசுக்கு வைத்தியம் என்றாலே நாம் கூசுவதற்கும் ஒரு வரலாறு உண்டு. வாலன்டைன் கனோலி என்ற கம்பெனி மருத்துவர் 1794இல் சென்னையில் மனநோயாளிகளுக்கு ஒரு விடுதி தொடங்கினார். 1871இல் அரசு மனநோய் மருத்துவமனை கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. அதோடு அந்த ஊர்ப்பெயரே கேலிப்பேச்சாகிவிட்டது. நூறாண்டுக்கு மேல் நமக்குத் தெரிந்த மனநல வைத்தியம் என்பது மதில் சுவரும் பூட்டும்தான். பேசிக் குணப்படுத்தும் முறை இந்தியாவுக்குத் தெரியாமல் இல்லை. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922இலேயே உளப்பகுப்பாய்வுச் சங்கம் அமைத்து, வியன்னாவிலிருந்த பிராய்டுடன் கடிதப் போக்குவரத்தும் வைத்திருந்தார். ஆனால் அது படித்த நகரத்தாருடன் நின்றுவிட்டது.

துக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய வைத்தது ஒரு தீ விபத்து. 1942 நவம்பர் 28 இரவு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கோகோனட் குரோவ் என்ற கேளிக்கை விடுதி எரிந்து 492 பேர் இறந்தார்கள். தப்பியவர்களையும், உறவுகளை இழந்தவர்களையும் எரிக் லிண்டமன் என்ற மனநல மருத்துவர் ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசி, 1944இல் கட்டுரை வெளியிட்டார். தொண்டை அடைப்பது, பெருமூச்சு, வயிறு வெறுமையாக இருப்பது, "நான் இன்னும் கொஞ்சம் கவனித்திருக்கலாமே" என்ற குற்ற உணர்ச்சி, இவையெல்லாம் துக்கத்தில் வருபவை என்று அதில் எழுதினார். நம்மில் பலர் இதற்குத்தான் ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு வருகிறோம். மனைவியை இழந்த 32 வயதுக்காரர் ஒருவரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். நன்றாகத் தேறிவிட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். வீட்டுக்குப் போனவர் நிலைகொள்ளாமல் மருத்துவமனைக்கே திரும்பினார், அங்கே உயிரை மாய்த்துக்கொண்டார். அழாமல் இருப்பவரை "கல்லு மாதிரி தாங்கிக்கிட்டார்" என்று பாராட்டும்போதெல்லாம் எனக்கு இவர் நினைவு வருகிறது. சாதாரணத் துக்கத்துக்கு எட்டு, பத்துச் சந்திப்புகள் போதும் என்பது லிண்டமன் கணக்கு. பின்னால் வந்தவர்கள் அதற்கு இன்னும் நாளாகும் என்றார்கள். அவரவர் இழப்பைப் பொறுத்தது.

துக்கத்துக்கு ஐந்து படிகள் என்று இணையத்தில் சுற்றுகிறதே, அது எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது. சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளிடம் பேசி அவர் எழுதியது அது. மூன்றாம் படியில் நிற்கிறோமா, நான்காம் படியில் நிற்கிறோமா என்று யாரும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இனி நம் பக்கம் வருவோம். சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சினேகா அமைப்பைத் தொடங்கினார். தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் சொல்வதைப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். அறிவுரை சொல்ல மாட்டார்கள். பதினெட்டு ஆண்டு கழித்து, 2004 டிசம்பர் 26. நம் வெள்ளாறு பரங்கிப்பேட்டை அருகே கடலில் சேர்கிறது. அந்தக் கரையோரம் முழுக்க அன்று காலை என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போனார்கள். சோறு, துணி, படகு எல்லாம் வந்தன. பிள்ளையைக் கையிலிருந்து அலை பிடுங்கிக்கொண்டு போன தாய்க்கு என்ன கொடுப்பது என்று அரசும் யோசித்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்கள் வந்து உள்ளூர் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தன.

சென்னையில் சினேகா தன்னார்வலர்கள், கடற்கரைக் குடியிருப்பு ஒன்றில் உறவுகளை இழந்தவர்களைத் தேடிப்போய் ஒவ்வொருவரிடமும் பேசினார்கள். அப்படி யாரும் போகாத இன்னொரு குடியிருப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. ஆள் வந்து பேசிய இடத்தில் மனச்சோர்வு குறைவாக இருந்தது. மாத்திரை கொடுக்கவில்லை, பெரிய படிப்பும் இல்லை. நம் பாட்டிமார் பதினாறு நாள் செய்ததை, இவர்கள் முறையாக, பல மாதம் செய்தார்கள்.

தனிச் சிகிச்சை இதற்கு அடுத்த படி. வாரம் ஒரு முறை, முக்கால் மணி நேரம், மூடிய அறை. மருந்து தேவைப்பட்டால் எழுதுபவர் மனநல மருத்துவர். பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர் மருத்துவ உளவியலாளர். பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது 2017 மனநலச் சட்டத்திலேயே இருக்கிறது. உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. பாலிசியைப் புதுப்பிக்கும்போது அந்தப் பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள்.

சிதம்பரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. விருத்தாசலத்திலிருந்து நம் ஊர் வழியாகப் போகும் பஸ்ஸே போதும். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவாரோ என்று கூச்சமாக இருந்தால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் இருக்கிறது. எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லிச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன்.