தறியும் காசும்: லியோன் நகருக்கு ஒரு பயண ஏற்பாடு

தா.பழூரில் வாழும் மாணவர் ஒருவர் பிரெஞ்சு நாட்டு லியோன் நகரைக் காண விரும்பினால், அவர் முதலில் செல்ல வேண்டிய திசை மேற்கு அன்று, தெற்கு. மதனத்தூர்ப் பாலத்தின் வழியே கொள்ளிடத்தைக் கடந்து, கும்பகோணத்திற்குக் கிழக்கே உள்ள திருபுவனம் வரை அவர் சென்று வரட்டும். மூன்றாம் குலோத்துங்க சோழன் எடுப்பித்த கம்பகரேசுவரர் கோயிலால் அவ்வூர் புகழ் பெற்றது. ஆயினும் நம் பயணத்திற்கு வேண்டியது கோயிலன்று. பட்டு நெசவாளர் வீட்டில் கேட்கும் தறியோசையே. அங்கே தறியின் தலைக்கு மேல் ஒரு பெட்டி இருக்கும். துளையிட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கோக்கப்பெற்று, அதிலிருந்து மாலை போலத் தொங்கும். அதன் பெயரைக் கேட்டால் நெசவாளர் 'ஜக்கார்டு' என்பார். அது கருவியின் பெயராகி விட்ட ஒரு மனிதரின் பெயர். ழோசெஃப் மரி ஜக்கார் என்னும் அவர் 1752ஆம் ஆண்டு லியோன் நகரில் பிறந்தவர்.

நம் நாட்டார் பிரான்சு என்றவுடன் பாரிஸ் நகரையே எண்ணுவர். அடுத்தபடியாகத் திராட்சை மதுவை எண்ணுவர். அந்த மதுவுக்குப் பேர்போன வட்டாரங்கள் இரண்டுக்கு இடையே அமைந்த நகரம் லியோன். வடக்கே பொழோலே மலைச்சாரல். தெற்கே ரோன் ஆற்றின் கரையோரத் தோட்டங்கள். சோன் என்னும் ஆறு வந்து ரோனுடன் கூடும் இடத்தில் நகரம் நிற்கிறது. செப்டம்பரில் சென்றால் திராட்சை அறுவடையைக் காணலாம். குளிரைத் தாங்க வல்லவர் டிசம்பர் 8ஆம் நாளை ஒட்டிச் செல்லலாம். 1852 முதல் அந்த நாளில் அந்நகரத்தார் சாளரங்கள்தோறும் விளக்கேற்றி வைக்கின்றனர். நம் கார்த்திகைத் தீபமும் அந்த நாள்களை ஒட்டியே வருவதால், நம் மாணவருக்கு அங்கே வீட்டு நினைவு எழுவது உறுதி. பாரிஸிலிருந்து 1981இல் தொடங்கிய விரைவு ரயில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் லியோனில் கொண்டு சேர்க்கும்.

வழியைச் சொல்லிவிட்டோம். இனி, அங்கே எதைக் காண்பது?

சோன் ஆற்றின் மேற்குக் கரையில் ஃபூர்வியேர் என்னும் குன்று உள்ளது. கி.மு. 43இல் லூசியஸ் முனாஷியஸ் பிளாங்கஸ் என்னும் ரோமானியத் தலைவன் 'லுக்துனும்' என்ற பெயரில் நகரை நிறுவியது அங்கேதான். பழைய நாடக அரங்கமும் அதனருகே அருங்காட்சியகமும் இன்றும் உள்ளன. பேரரசன் அகஸ்டஸ் காலத்தில் இந்நகரில் ஒரு நாணயச் சாலை ஏற்பட்டது. பொன்னாலும் வெள்ளியாலும் அங்கே காசு அடிக்கப்பட்டதை ஸ்திராபோ என்னும் நிலநூலார் குறித்திருக்கிறார். அகஸ்டஸின் பேரர் இருவர் கேடயங்களுடன் நிற்கும் வெள்ளிக் காசும், தைபீரியஸ் காலத்தில் வந்த, வீற்றிருக்கும் பெண்ணுருவம் பொறித்த வெள்ளிக் காசும் அச்சாலையின் படைப்புகள் என்பர் ஆராய்ச்சியாளர். தமிழகத்தில், சிறப்பாகக் கொங்கு நாட்டில், புதையல்களாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளுள் இவ்விரு வகைகளே மிகுதி. லியோனில் அடித்த காசு நொய்யலாற்றுப் பக்கம் வந்து மண்ணுக்குள் உறங்கியது. நம் நாட்டு மிளகும் மணியும் துகிலும் அதற்கு ஈடாகக் கப்பலேறின.

இங்கே ஓர் எச்சரிக்கை. யவனர் கொண்டுவந்த மதுவை நக்கீரர் புறநானூற்றில் குறித்திருப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழ்வில் மதுச் சாடிகளின் உடைசல்கள் வெளிப்பட்டதும் உண்மையே. ஆனால் அச்சாடிகளுட் பல கிரேக்கத் தீவுகளையும் இத்தாலியையும் சேர்ந்தவை. லியோன் மதுவை நம் முன்னோர் பருகினர் என்று சொல்லச் சான்றில்லை. அந்நகரிலிருந்து வந்தது காசு. ஊர்ப்பெருமையைப் பெருக்கும் ஆர்வத்தில் இந்த வேறுபாட்டை மறந்துவிடுதல் ஆகாது.

அதே அருங்காட்சியகத்தில் 1528இல் கண்டெடுத்த ஒரு வெண்கலப் பட்டயம் இருக்கிறது. கி.பி. 48இல் பேரரசன் கிளாடியஸ் ஆற்றிய உரை அதில் பொறிக்கப்பட்டுள்ளது. காலியர் எனப்பட்ட அந்நாட்டுத் தலைவர்களுக்கும் ரோமானிய ஆட்சி மன்றத்தில் இடம் தர வேண்டும் என்று அவன் வாதாடினான். அவனும் லியோனில் பிறந்தவனே. இலங்கையிலிருந்து தூதர் ரோமாபுரிக்குச் சென்றது அவன் காலத்திலேதான் என்று பிளினி எழுதிவைத்தார்.

காசின் கதை பழையது, முடிந்துபோனது. தறியின் கதை முடியவில்லை. ஆகவே நம் மாணவர் தம் நாள்களில் பெரும்பகுதியை ஆற்றுக்கு மறுபுறம் உள்ள குருவாரூஸ் குன்றிற்கு ஒதுக்குவாராக.

பட்டில் பூவும் கொடியும் நெய்ய வேண்டுமானால், ஒவ்வோர் ஊடை இழைக்கும் பாவு இழைகளுட் சிலவற்றை மட்டும் தூக்க வேண்டும். முன்னாளில் இதற்கென ஓர் உதவியாள் வேண்டும். நம் காஞ்சிபுரத்தில் 'அடை' என்னும் முறையில் அவ்வாறே நூற்கட்டுகளைக் கையால் தூக்கிக் கொடுத்து வந்தனர். லியோனிலும் சிறுவர் தறியருகே நின்று நாள் முழுதும் கயிறுகளை இழுத்தனர். 1804ஐ ஒட்டி ஜக்கார் தம் கருவியை முடித்தார். அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும். அதனைச் சேர்ந்த கொக்கி மேலெழுந்து இழையைத் தூக்கும். துளையில்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், கொக்கி எழாது. ஒரு மிதிக்கு ஓர் அட்டை. இதுவே முழுச் சூத்திரம். இக்கருத்து முற்றிலும் அவருடையதன்று. பூஷோன், ஃபால்கோன், வோகான்சோன் ஆகியோர் 1725 முதற்கொண்டு செய்த முயற்சிகளின்மேல் அவர் கட்டினார். 1839இல் லியோனில் ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு ஜக்காரின் உருவத்தையே பட்டில் நெய்தனர். ஆங்கிலக் கணித அறிஞர் பாபேஜ் அதில் ஒன்றைத் தம் இல்லத்தில் வைத்திருந்தார். இத்தகைய துளையிட்ட அட்டைகளைக் கொண்டு இயக்கிக் கணக்குப் போடும் பொறி ஒன்றை அவர் எண்ணிப் பார்த்தார். இன்றைய கணிப்பொறியின் முன்னோருள் ஒன்று நம் திருபுவனத்து வீட்டுத் தறியின் மேல் தொங்குகிறது என்று சொன்னால் மிகையாகாது.

புதிய கருவி உயரமானது. ஆதலால் குருவாரூஸில் ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரமான அறைகளோடு வீடுகள் எழுந்தன. இன்றும் அவற்றின் நெடிய சாளரங்களைத் தெருவில் நின்றே காணலாம். அவ்வீடுகளில் இருந்த நெசவாளரைக் 'கனூ' என்றனர். பட்டு நூலும் சித்திரமும் வணிகனுடையவை, தறி நெசவாளனுடையது, நெய்த அளவுக்குக் கூலி. இந்த ஏற்பாடு நம் பக்கத்து நெசவாளர்க்கும் புதிதன்று. கருவி வேலையை விரைவாக்கியது, கூலியை உயர்த்தவில்லை. 1831 அக்டோபரில் குறைந்த அளவுக் கூலி விகிதம் ஒன்று மாவட்ட ஆட்சித் தலைவர் முன்னிலையில் ஒப்புக்கொள்ளப்பட்டது. வணிகருட் பலர் அதை மீறினர். நவம்பர் 21ஆம் நாள் குன்றிலிருந்து நெசவாளர் கறுப்புக் கொடியுடன் இறங்கினர். உழைத்து வாழ்வோம், இல்லையேல் போரிட்டு மாள்வோம் என்பது அதில் கண்ட முழக்கம். சில நாள்கள் நகரமே அவர்கள் கையில் இருந்தது. நகரைக் கைப்பற்றியவர் கொள்ளைக்கு இடம் கொடாமல் காவல் இருந்தனர் என்பதை வரலாற்றாசிரியர் எடுத்துக் கூறுகின்றனர். டிசம்பர் தொடக்கத்தில் சுமார் 20,000 படைவீரர் வந்தனர்; கூலி விகிதம் செல்லாது என்று அரசு அறிவித்தது. 1834 ஏப்ரலில் மீண்டும் எழுந்தபோது சில நூறு பேர் மாண்டனர். வீடுகளை ஊடுருவிச் செல்லும் மூடு நடைகள் அந்நகரின் சிறப்பு. 'திராபூல்' எனப்படும் அவற்றின் வழியே நடந்து பார்க்கும்போது, மழையில் பட்டு நனையாமல் சுமந்து சென்ற தோள்களை நினைக்கலாம்.

நம் நாட்டில் கதை வேறு வழியிற் சென்றது. திருபுவனத்தில் 1955இல் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. நூலை வாங்கித் தருவதும் சேலையை விற்பதும் சங்கத்தின் பொறுப்பாயின. 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சில துணிவகைகளைக் கைத்தறிக்கே உரியனவாக ஒதுக்கியது. விசைத்தறியின் போட்டி இவற்றால் ஓய்ந்துவிடவில்லை. ஆயினும் கனூக்கள் கேட்டுப் பெறாத ஒன்றை, அதாவது நூலின்மீதும் விலையின்மீதும் தமக்கும் ஒரு பிடியை, நம்மவர் ஓரளவு பெற்றனர்.

மாலை நேரம் மிஞ்சினால் மோன்பிளேசிர்ப் பகுதிக்குப் போகலாம். லூமியேர் சகோதரர்கள் 1895இல் தம் தொழிற்சாலை வாயிலில் தொழிலாளர் வெளிவருவதைப் படம் பிடித்தது அங்கேதான். அதற்குப் பத்தாண்டு கழித்து, 1905இல், திருச்சிராப்பள்ளியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், துய்ப்போன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக் கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் காட்டப் புறப்பட்டார்.

குருவாரூஸில் பழைய தறிகளை இயக்கிக் காட்டும் 'கனூக்கள் இல்லம்' உண்டு. அங்கே செல்லுமுன், திருபுவனத்துத் தறியில் எத்தனை கொக்கிகள், ஒரு முந்தானைக்கு எத்தனை அட்டைகள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போங்கள். நெசவாளர் அனுமதித்தால் கழித்துப்போட்ட அட்டை ஒன்றையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு மொழி தெரியாவிட்டாலும், அதை எடுத்துக் காட்டினால் அங்குள்ளவர்க்கு விளங்கும்.